வரிசையில் நின்ற சிப்பிகள்

அத்தியாயம் ஆறு

என் அண்ணி ஒரு சிப்பிக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

கழுத்தில் தொங்கிய டேப்பை இறக்கி, வெறும் ஓட்டின் மேல் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இடுப்பளவும் எடுத்துடுங்க அண்ணி. அப்புறம் கோட்டு டைட்டா இருக்குன்னு திருப்பிக் கொண்டுவந்துடப் போகுது" என்றேன்.

"தம்பி, வாயை மூடிக்கிட்டு எழுதுங்க. எழுபத்தி நாலு மில்லி."

எங்களைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அண்ணி பதினெட்டு வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். ஒரு பட்டனை வைத்துக்கொண்டு ஒரு கோட்டையும், அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு ஒரு திருடனையும் கண்டுபிடித்த நாளிலிருந்து துப்பறிவாளர். நான் அவருடைய கொழுந்தன். மூன்று தொழில் செய்து மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டவன். என் அண்ணன் "இவனை இனிமே நீயே பார்த்துக்கோ" என்று மனைவியிடம் என்னை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகிவிட்டார். நானும் 'உதவியாளர்' என்று கார்டு அடித்துக்கொண்டேன். அண்ணி என்னைத் திட்டும்போதுகூட 'நீங்க' போட்டுத்தான் திட்டுவார். அது இன்னும் கொஞ்சம் அதிகமாக வலிக்கும்.

நாங்கள் நின்றது ஆற்றோரத்து ஆய்வுக்கூடம். நீளமான ஒரு மேஜை, கறை படிந்த ஒரு தொட்டி, 'இதில் சாப்பாடு வைக்காதீர்கள்' என்று மூன்று இடத்தில் ஒட்டிய ஒரு ஃப்ரிட்ஜ். நேரம் காலை பத்து. பிற்பகல் மூன்று மணிக்கு ஆற்று வாரியத்தின் கூட்டம். அதில் எங்கள் கட்சிக்காரரின் வேலை போகப்போகிறது.

கட்சிக்காரர் இந்த ஆய்வுக்கூடத்தின் ஆய்வாளர். ஒல்லியான பெண்மணி. ரப்பர் கையுறையைக் கழற்றி, அதை ஈரத் துணி மாதிரி முறுக்கிக்கொண்டே நின்றார்.

"முதல்லேருந்து ஒரு தடவை சொல்லுங்கம்மா. இவருக்கும் புரியற மாதிரி" என்றார் அண்ணி.

"சிப்பி நாள் பூரா தண்ணியை உள்ள இழுத்து வடிகட்டி வெளியே விடும். தண்ணில பாதரசம் இருந்தா அது சதையில சேர்ந்துகிட்டே போகும். ஒரு பாட்டில்ல தண்ணி மொண்டு சோதிச்சா, மொண்ட நிமிஷத்துல என்ன இருந்துச்சோ அதுதான் தெரியும். கழிவைத் திறந்து விட்டுட்டு, நாங்க வர்றதுக்குள்ள மூடிட்டாங்கன்னா தண்ணி காட்டிக் குடுக்காது. சிப்பி அப்படி இல்ல. மூணு மாசமா அங்கேயே உக்காந்திருக்கு. அதுக்குத் தெரியாம எதுவும் போக முடியாது."

"எங்க எதிர்வீட்டு அம்மாதான்" என்றேன். உடனே புரிந்துவிட்டது.

மீதியையும் அவர் சொன்னார். ஆற்றில் ஐந்து இடங்களில் ஐந்து கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மணல் தட்டு, அதில் இருபது சிப்பிகள். நாலாவது கூண்டு, ட்யூப்லைட் கம்பெனியின் கழிவு வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே. போன தடவை அந்தக் கூண்டுச் சிப்பிகளில் பாதரசம் ஏகமாக இருந்தது. மீனைப் பிடித்துச் சோதித்தால் மீனிலும் இருந்தது. உடனே கரையில் போர்டு நட்டுவிட்டார். 'இந்த ஆற்று மீனைச் சாப்பிடாதீர்கள். முக்கியமாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்.'

கம்பெனி குதித்தது. சரி, இரு தரப்பும் சேர்ந்தே சோதிப்போம் என்று முடிவானது. இருபது சிப்பிகளையும் அளந்து பட்டியல் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து, கூண்டில் இறக்கினார்கள். மூன்று மாதம் கழித்து, போன வாரம் தூக்கினார்கள். கரையில் வைத்துப் படம் எடுத்து, பெட்டியில் போட்டு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சதையைச் சோதித்துவிட்டு ஓடுகளை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே முடிவும் வந்தது. நாலாவது கூண்டு படு சுத்தம்.

"அதனால நான் பொய் சொல்லிட்டேன்னு அர்த்தம். வேலை போகும். போனா போகட்டும். ஆனா இன்னைக்கே போர்டைப் பிடுங்கிடுவாங்க. நாளைக்குக் காலையில எல்லா வீட்டுலயும் இந்த மீன் இருக்கும். குழந்தைங்க சாப்பிடும்" என்றார் ஆய்வாளர்.

அண்ணி பட்டியலை எடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டதுல பெரிய சிப்பி எண்பத்தி ஒண்ணு. திரும்பி வந்ததுல பெரிசே எழுபத்தி நாலுதான். மூணு மாசத்துல ஓடு சுருங்குமா?"

"வளரும். சுருங்கவே சுருங்காது."

"கவலையில இளைச்சிருக்கும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"ஆள் மாறாட்டம்" என்றார் அண்ணி.

"அவ்வளவுதானே! இதைக் கூட்டத்துல சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

"போக முடியாது தம்பி. 'வந்த ஓட்டை எடுத்துட்டு வேற ஓட்டை வச்சதே இந்தம்மாதான்'னு கம்பெனி சொல்லும். மாத்தினது யாரு, பழைய இருபதும் எங்கே, ரெண்டுக்கும் பதில் வேணும்."

கூண்டுகளைத் தூக்கிய அன்று எடுத்த படங்களை ஆய்வாளர் கம்ப்யூட்டரில் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் தட்டின் பக்கத்தில் ஒரு ஸ்கேல். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து: நாலு தட்டிலும் சிப்பிகள் தாறுமாறாகக் கிடந்தன. பாதி ஒரு மூலையில் குவிந்திருந்தன. நாலாவது கூண்டில் மட்டும் ஐந்தைந்தாக நாலு வரிசை. ஒன்றாவது விலகி நிற்க வேண்டுமே!

"வைக்கும்போது எப்படி வைப்பீங்க?" என்றார் அண்ணி.

ஆய்வாளர் ஒரு ஓட்டை எடுத்து, முன்பக்கத்தை மணலில் செருகி நிறுத்தினார். பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். விரலை ஒட்டி அடுத்ததைச் செருகினார். "ஒரு விரல் இடைவெளி, நாலு வரிசை. எப்பவும் இப்படித்தான். ஆனா அதுங்களுக்கு ஒரு கால் இருக்கு. இறக்கினதும் இஷ்டத்துக்கு நகர்ந்து போயிடும்."

"அப்போ மூணு மாசம் கழிச்சும் நாலாவது கூண்டு மட்டும் ஏன் பள்ளிக்கூடத்துல பிரேயருக்கு நிக்கிற மாதிரி நிக்குது?"

ஆய்வாளர் படத்தைப் பார்த்தார். அண்ணியே பதிலும் சொன்னார்.

"நகர நேரம் கிடைக்கல. தூக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யாரோ மாத்தியிருக்காங்க. சரி, உங்களைத் தவிர இப்படி அடுக்கத் தெரிஞ்சவங்க யாரு?"

"யாரும் இல்ல" என்றார் ஆய்வாளர். பட்டென்று சொன்னார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

நான் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தேன். அண்ணி பார்க்கவில்லை. ஆய்வாளரின் கையைப் பிடித்து ஆள்காட்டி விரலின் அகலத்தை அளந்தார். பதினாலு மில்லி. படத்தில் இருந்த ஸ்கேலை வைத்து இடைவெளியைக் கணக்குப் போட்டார். இருபத்தி இரண்டு. எல்லா இடைவெளியும் ஒரே மாதிரி இருபத்தி இரண்டு.

"உங்க விரல் இல்லம்மா. நிம்மதியா மூச்சு விடுங்க."

அவர் விடவில்லை. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

*

கம்பெனி அக்கரையில் இருந்தது. வாரியத்தின் படகில் போனோம். படகோட்டி ஆய்வாளரின் கூடப்பிறந்த அண்ணன். ஆய்வாளர் படித்துறை வரைக்கும் வந்தார்.

"உங்க ரெண்டு பேரையும் கம்பெனி வாசல்ல இறக்கிவிடச் சொல்லுங்க" என்றார் என்னிடம். அவருடைய அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க" என்றார் அண்ணன், அவரும் என்னிடமே.

"கேட்டுச்சாம்" என்றேன் ஆய்வாளரிடம். பிறகு இவரிடம் திரும்பி, "கேட்டுச்சுன்னு சொல்லிட்டேன்" என்றேன். இதற்கே தனியாக ஒரு சம்பளம் கொடுக்கலாம்.

படகு நகர்ந்ததும் அவரே ஆரம்பித்தார். "ஆறு மாசமா பேச்சு இல்ல. நட்டதுதான் நட்டா, அந்த போர்டை என் வீட்டு வாசலுக்கு நேரா நட்டா. அன்னையிலேருந்து ஒருத்தன் என்கிட்ட மீன் வாங்கல. எதிர்ல பார்த்தா பாதை மாறிப் போறாங்க. படகு ஓட்டறதும் கூண்டு இறக்கறதும் வாரியத்து வேலை, அது வேற."

"மீன்ல ஒண்ணும் இல்லையாண்ணே?" என்றார் அண்ணி.

"நாப்பது வருஷமா சாப்பிடறேன். எனக்கு என்ன வந்துடுச்சு? நல்லாத்தானே இருக்கேன்?"

அவர் நன்றாகத்தான் இருந்தார்.

கம்பெனி மேனேஜரின் அறையில் பட்டப்பகலில் பதினாறு ட்யூப்லைட் எரிந்தது. குலுக்க அவர் கையை நீட்டினார். பிடித்த நான் விடவில்லை. என்ன விரல்கள்! கொழுகொழுவென்று, இரண்டு மோதிரத்தோடு. நான் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தேன். அண்ணி டேப்பை எடுத்தார்.

"விரலை அளந்துக்கலாமா?"

"எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"கையுறை. எங்க கடை அன்பளிப்பு. குளிருக்கு" என்றேன்.

"இங்கே எங்கே குளிர்?"

"உங்க ஏசி போதாதா?"

அவர் ஏசியைப் பார்த்து யோசிப்பதற்குள் அண்ணி அளந்து முடித்துவிட்டார். இருபத்தி இரண்டு! சொல்லி வைத்தாற்போல் இருபத்தி இரண்டு. எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. கையோடு பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று எழுந்தேவிட்டேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு சிப்பி ஓட்டை எடுத்தார். மேஜை மேலிருந்த பூந்தொட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு சின்ன உதவி. இதை இந்த மண்ணுல வச்சுக் காட்டுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி."

மேனேஜர் ஓட்டை இரண்டு விரலால் பிடித்து, சோப்பு டப்பாவில் சோப்பை வைப்பதுபோல் படுக்க வைத்தார். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "இதுலேருந்து என்ன தெரிஞ்சுது?"

"தெரிய வேண்டியது தெரிஞ்சுது. வர்றோம்" என்று அண்ணி கிளம்பிவிட்டார்.

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். "அண்ணி! விரல் அச்சு அசலா பொருந்துது. விட்டுட்டு வர்றீங்களே!"

"விரல் சரி தம்பி, கை தப்பு. இவரா இருந்தா அப்படியே கொட்டிட்டுப் போயிருப்பாரு. இவர் அனுப்பின ஆளா இருந்தாலும் கொட்டிட்டுத்தான் போயிருப்பான். மாட்டிக்குவோமோன்னு பயந்துகிட்டு, அவசர அவசரமா தப்புப் பண்ற நேரத்துல, எவன் ஒரு விரல் இடம் விட்டு நாலு வரிசை அடுக்குவான்? வேலை பழகின கைதான் அப்படிச் செய்யும். அதுக்கு அரைகுறையா செய்யத் தெரியாது. உங்க அண்ணனோட சண்டை போட்டுட்டு ஆத்திரத்துல தைச்சாக்கூட என் தையல் நேராத்தான் வரும்."

"அப்படின்னா அந்த ஆய்வாளர்..."

"பதினாலு."

அண்ணி ஆற்றைப் பார்த்தார். கரையில் படகோட்டி துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் துடுப்பைப் பார்த்தேன். துடுப்பின் மேல் இருந்த விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு விரலும் ஒரு டார்ச் லைட் பருமன். 'யாரும் இல்ல' என்று ஆய்வாளர் அத்தனை வேகமாகச் சொன்னது ஏன் என்று எனக்கே புரிந்துவிட்டது. எனக்கே புரிந்துவிட்டது என்றால் விஷயம் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*

"அண்ணே, தொண்டை வறண்டு போச்சு. உங்க வீட்டுல கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார் அண்ணி.

"ஆய்வுக்கூடத்துலயே ஃப்ரிட்ஜ் இருக்கே" என்றார் அவர்.

"அதுல இருக்கறதைக் குடிச்சா நாங்களே சாட்சி ஆயிடுவோம்" என்றேன். வேறு வழியில்லாமல் படகைத் திருப்பினார்.

வாசலில் இறங்கினால் எதிரே போர்டு. உண்மையிலேயே நேர் எதிரே. ஜன்னலைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். உள்ளே ஒரு கூடம், ஒரு சமையலறை, மூலையில் காய்ந்துபோன வலை. மேஜையில் அவருடைய மகள், ஆறு மாதக் கர்ப்பிணி, தட்டில் இருந்த அவித்த முட்டையை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க. நீங்களாவது எங்கப்பாகிட்ட சொல்லிட்டுப் போங்க. மீன் பிடிக்கிறவர் வீட்டுல பொறந்துட்டு எனக்கு ஆறு மாசமா முட்டை, முட்டை, முட்டை! நான் குழந்தை பெத்துக்கப் போறதில்ல, பாருங்க, ஒரு நாள் அடைகாக்கத்தான் போறேன்."

"நல்லா சத்துதானேம்மா" என்றேன்.

"சத்து இருக்கட்டும், குளிக்க ஒரு டப் ஆவது இருக்கணுமில்ல? ஒரு வாரமா அதையும் எடுத்து வச்சுக்கிட்டு, தொடாதேங்கறார். நான் குவளையில மொண்டு மொண்டு குளிக்கிறேன். இந்த வயித்தை வச்சுக்கிட்டு!"

படகோட்டி தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றுவிட்டார். அண்ணி யாரையும் கேட்காமல் குளியலறைக் கதவைத் திறந்தார்.

நீல நிற பிளாஸ்டிக் டப். அடியில் மணல், மேலே தெளிந்த தண்ணீர். ஒரு மூலையில் குவிந்து, பாதி மணலுக்குள்ளும் பாதி வெளியிலுமாக, இருபது சிப்பிகள். உயிரோடு, வாயை லேசாகத் திறந்துகொண்டு.

அண்ணி பெரியதை எடுத்து அளந்தார். "எண்பத்தி ரெண்டு. மூணு மாசத்துல ஒரு மில்லி வளர்ந்திருக்கு. ஏண்ணே, இதை ஆத்துலயே வீசியிருந்தா நாங்க ஜென்மத்துக்கும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோமே?"

"வீசத்தான் எடுத்தேன்." படகோட்டி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அவ எண்ணி வச்சது. சின்ன வயசுலேருந்தே அவ எதையாவது எண்ணி எண்ணி வைப்பா. ஒண்ணு குறைஞ்சாக்கூட அன்னைக்கு வீடே ரெண்டாயிடும். கையில எடுத்துட்டேன், போட முடியல. தினம் தண்ணி மாத்தறேன்."

"புது இருபதும்?"

"மேல ஓடைலேருந்து பொறுக்கினேன். அங்க தண்ணி சுத்தம். கண்ணளவுல சரியா இருந்துச்சு. ஒரு தடவை நல்ல முடிவு வந்துட்டா போர்டு போயிடும், அவளுக்கும் தொல்லை விட்டுதுன்னு நினைச்சேன். அவ வேலைக்கே வேட்டு வைக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

அண்ணி கோபப்படவில்லை. மேஜைப் பக்கம் கையைக் காட்டி மெதுவாகக் கேட்டார். "மீன்ல ஒண்ணும் இல்லைன்னு ஊர் பூரா சொல்றீங்க. பொண்ணுக்கு மட்டும் ஏண்ணே முட்டை?"

அவர் வாசலுக்கு எதிரே இருந்த போர்டைப் பார்த்தார். எனக்கு எப்போதும் நாக்கு நுனியில் ஒரு ஜோக் இருக்கும். அன்று இல்லை. அந்த மனிதரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மணி இரண்டரை.

*

ஆற்று வாரியத்தின் கூட்ட அறைக்குள் மூன்று பேர் ஒரு குளியல் டப்பைத் தூக்கிக்கொண்டு நுழைவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பின்பக்கம் பிடித்தவன் நான். பாதித் தண்ணீர் என் பேண்ட்டில் இருந்தது. பார்த்தவர்கள் தப்பாக நினைத்தார்கள். விளக்கம் சொல்ல நேரமில்லை.

பேசிக்கொண்டிருந்த மேனேஜர் பாதியில் நிறுத்தினார். ஓரத்து நாற்காலியில் இருந்த ஆய்வாளர் டப்பைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், எழுந்து நின்றார்.

"வேண்டாம்ண்ணா" என்றார். ஆறு மாதத்தில் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

அண்ணன் கேட்கவில்லை. "நாலாவது கூண்டுல சிப்பியை மாத்தினது நான்தாங்க. தூக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. என் தங்கச்சிக்கு எதுவும் தெரியாது. பழசு இதுல இருக்கு."

மேனேஜர் மேஜையைத் தட்டினார். "பார்த்தீங்களா! அவங்க ஆளே திருடன். இவன் வீட்டுலேருந்து வந்த சிப்பியை எப்படி நம்பறது?"

"உங்க கையெழுத்தை நம்புவீங்க இல்ல?" என்று அண்ணி பட்டியலைத் தலைவரின் முன் விரித்தார். தலைவர் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு கறாரான அம்மாள். தானே ஸ்கேலை எடுத்தார். இருபது சிப்பி, இருபது அளவு. எல்லாமே பட்டியலில் இருந்ததைவிட ஒன்று, இரண்டு மில்லி கூட. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அளவு கிடக்கட்டும் மேடம். ஒரு தடவை பொய் சொன்னவன். இவன் பேச்சுக்கு என்ன மதிப்பு?" என்றார் மேனேஜர்.

"ஒரு மதிப்பும் இல்லீங்க" என்றார் படகோட்டி. "மீன் நல்லா இருக்குன்னு ஊர் பூரா நான் பொய்தான் சொன்னேன். என் பொண்ணு வயித்துல குழந்தையோட இருக்கா. அவளுக்கு ஒரு துண்டு குடுக்கல. நீங்களும் ஆறு மாசமா மீன் நல்லா இருக்குன்னுதான் சொல்றீங்க. உங்க வீட்டுல குடுத்தீங்களா?"

"எங்க வீட்டுல... நாங்க வழக்கமா வெளியூர்லேருந்து வரவழைச்சு..." என்று ஆரம்பித்த மேனேஜர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் அந்த வாக்கியத்தை நிதானமாக எழுதி முடித்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபதும் இப்பவே சோதனைக்குப் போகட்டும், என் முன்னாடியே சீல் வச்சு. முடிவு வர்ற வரைக்கும் போர்டு அங்கேயே இருக்கும். ஆய்வாளரும் அங்கேயே இருப்பாங்க." பிறகு படகோட்டியைப் பார்த்தார். குரல் கொஞ்சம் தணிந்தது. "நீங்க படகுப் பூட்டுச் சாவியைக் குடுத்துடணும்."

அவர் மறுபேச்சு பேசாமல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். ஆய்வாளர் பின்னாலேயே ஓடினார். வேலை போகும் என்றபோது அழாதவர் அப்போது அழுதுகொண்டிருந்தார். துப்பறிபவர்கள் ஒட்டுக் கேட்கலாமா என்றால், கேட்கலாம். நானும் அண்ணியும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"ஒரு துண்டுகூடவா அவளுக்குக் குடுக்கல?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"எப்படிக் குடுப்பேன்?" என்றார் அண்ணன். "வேண்டாம்னு நீ எழுதியிருந்தியே."